ஒரே நொதியம், இரண்டு தொழிற்சாலைகள்

நேயர்களே, நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலையே தெரியும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்கு இறங்கி வந்தால் காட்சி மாறும். இங்குள்ள தோட்டங்கள் பலவற்றில் ஒரு சரிவிலே தேயிலையும் மறு சரிவிலே இறப்பரும் நிற்கின்றன. ஒரே லயத்திலிருந்து விடியற்காலையிலே புறப்படும் அக்காள் தங்கை இருவரில் ஒருத்தி கூடையை முதுகிலே மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். மற்றவள் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போவாள். நண்பகலிலே ஒருத்தியின் கொழுந்து தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்கின்றது. மற்றவளின் பால் இறப்பர்த் தொழிற்சாலைக்குச் செல்கின்றது.

இவ்விரு தொழிற்சாலைகளிலும் ஒரே வகையான பொருள் ஒன்று மறைந்து நின்று வேலை செய்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையிலே அதனை அழைத்து, இடங்கொடுத்து, வேலை முடிந்ததும் சூட்டினால் அழித்துவிடுகின்றார்கள். இறப்பர்த் தொழிற்சாலையிலே அது தலை காட்டினாலே நட்டம் என்று துரத்துகின்றார்கள். அப்பொருளை விஞ்ஞானிகள் நொதியம் என்பர். அந்த நொதியம் எவ்வளவு வேலை செய்யும், எப்போது ஓயும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. இந்தப் புளிப்புக்கும் நொதியத்துக்கும் உள்ள உறவை மனிதர் எவ்வாறு அறிந்தனர் என்பதும், அவ்வறிவிலே நம் தோட்டத்து மக்களுக்கு என்ன பங்கு உண்டு என்பதுமே இன்று நான் கூற வந்த வரலாறு.

நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஆகையால் அடுக்களையிலிருந்து தொடங்குகின்றேன். வாழைப்பூவை நறுக்கும் நம் வீட்டுப் பெண்கள் அதனை வெறுமனே வைப்பதில்லை. நறுக்க நறுக்க மோர் கலந்த நீரிலே போடுவார்கள். போடாவிட்டால் சிறிது நேரத்திலே பூ கறுத்துப்போகும். நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் இவ்வாறே கறுக்கும். தேசிக்காய்ப் புளி சிறிது பட்டால் கறுப்பது தாமதமாகும். இதன் காரணம் யாது? காயினுள்ளே நொதியம் ஓர் அறையிலும், அது தாக்கக்கூடிய துவர்ப்புப் பொருள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச் சுவர்கள் உடைகின்றன. இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேருகின்றது. துவர்ப்புப் பொருள் ஒட்சியேற்றம் அடைந்து கபில நிறமாகின்றது. மோரின் புளிப்பு அந்த நொதியத்தைத் தளரச் செய்கின்றது. நொதியத்தின் பெயரை அறியாமலே நம் பாட்டிமார் அதனை அடக்கக் கற்றிருந்தார்கள்.

இவ்வுதாரணத்திலே இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, நொதியம் உறைக்குள் இருக்கும் வரை அமைதியாக இருக்கின்றது. உறை உடைந்தாற்றான் வேலை தொடங்குகின்றது. மற்றொன்று, உறை உடைந்த பின்னரும் சூழலின் புளிப்பே அதன் வேகத்தை நிர்ணயிக்கின்றது. இன்று நான் கூறப்போகும் அனைத்தும் இவ்விரண்டு செய்திகளின் விரிவே ஆகும்.

நொதியத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1870களிலே யேர்மனிய அறிஞர் வில்லெம் கியூன என்பவர் உருவாக்கினார். கிரேக்க மொழியிலே அதற்குப் 'புளித்த மாவினுள் இருப்பது' என்பது பொருள். உயிருள்ள நுண்ணுயிர் இல்லாமல் நொதித்தல் நிகழாது என்பது அக்காலத்தில் வலுவாக நிலவிய கருத்து. 1897ஆம் ஆண்டிலே எடுவேட் பூக்னர் என்பவர் மதுவக் கலங்களை அரைத்துப் பிழிந்த சாறே, உயிருள்ள கலம் ஒன்றுமின்றி, வெல்லத்தை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். செயல் உயிரணுவினுடையது அன்று, அதனுள்ளே இருக்கும் ஒரு பொருளினுடையது என்பது அதனால் தெளிவாயிற்று.

அப்பொருள் புளிப்புக்கு அஞ்சுவதை அளந்து காட்டியவர் டென்மார்க் நாட்டவரான சொறன்சன். கோப்பனேகன் நகரிலே ஒரு பியர் வடிசாலையைச் சார்ந்து நிறுவப்பட்ட கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலே அவர் பணியாற்றினார். நொதியங்களைப் பற்றி ஆராயும்போது, அமிலத்தின் அளவு சிறிது மாறினாலும் பயன் பெரிதும் மாறுவதை அவர் கண்டார். அதனைத் துல்லியமாகக் குறிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. 1909ஆம் ஆண்டிலே அவர் வகுத்த அளவுகோலே இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த பி.எச். பெறுமானம். தூய நீருக்கு 7, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒவ்வோர் எண் இறங்கும்போதும் புளிப்புப் பத்து மடங்காகின்றது. மண்ணையும் நீரையும் குருதியையும் அளக்க இன்று உலகமெங்கும் பயன்படும் இவ்வளவுகோல், நொதியமும் புளிப்பும் என்ற இதே பொருளை ஆராயும்போது பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி.

இனித் தேயிலைக்கு வருவோம். 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் கோப்பியை அழிக்கும் இலைத்துரு நோய் தோன்றியது. கோப்பி வீழ்ந்த இடத்திலே தேயிலை எழுந்து, மலைநாட்டிலிருந்து சப்பிரகமுவத்தின் தாழ்ந்த சரிவுகளுக்கும் பரவியது. தேயிலையைப் பதப்படுத்தும் முறையை அக்காலத்தவர் அனுபவத்தினாலே கற்றனர். பறித்த கொழுந்தை வாடவிட்டார்கள், உருட்டிக் கசக்கினார்கள், பரப்பி வைத்துச் செம்பு நிறம் வரும்வரை காத்திருந்தார்கள், பின்னர் சூடேற்றி உலர்த்தினார்கள். பரப்பி வைக்கும் கட்டத்தை நொதித்தல் என்றே அழைத்தார்கள். அப்பெயரினாலே ஒரு மயக்கமும் பிறந்தது. கள் புளிப்பதுபோல இலையையும் நுண்ணுயிர்களே மாற்றுகின்றன என்று பலர் எண்ணினர்.

அம்மயக்கத்தை நீக்கும் ஆய்வுகள் 1901ஆம் ஆண்டிலே இரண்டு இடங்களிலிருந்து வெளிவந்தன. இந்தியத் தேயிலைச் சங்கத்தின் விஞ்ஞானி ஹரல்ட் மான் கல்கத்தாவிலிருந்து தேயிலையின் நொதியைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். யப்பானிலே அசோ என்பவர் தேயிலை செய்வதில் ஒட்சியேற்றும் நொதியத்துக்குரிய பங்கை எழுதினார். இலைக்குள்ளேயே அந்நொதியம் இருக்கின்றது; வெளியிலிருந்து உயிர் ஒன்றும் வரவேண்டியதில்லை என்பது இவர்களின் முடிவு.

1925ஆம் ஆண்டிலே இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று. அந்நிலையத்திலே பணியாற்றிய சிறீரங்காச்சார் என்னும் தென்னிந்திய விஞ்ஞானி, இலங்கைத் தேயிலையின் நொதித்தலைப் பற்றித் தொடராகக் கட்டுரைகள் எழுதினார். அவற்றுட் சில 1943ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் உயிர்இரசாயனச் சஞ்சிகையிலே வெளிவந்தன. தேயிலையில் வேலை செய்யும் நொதியம் பொலிபீனொல் ஒட்சிடேசு என்னும் வகையினது என்று அவர் வாதிட்டார். அது செப்பைத் தாங்கிய ஒரு புரதம். வாழைப்பூவையும் கத்தரிக்காயையும் கறுக்கச் செய்யும் இனமும் இதுவே. 1950களின் பிற்பகுதியிலே ரொபேட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், இந்நொதியத்தின் வேலையினால் உண்டாகும் நிறப்பொருள்களைப் பிரித்துத் தியபிளேவின் என்றும் தியறுபிஜின் என்றும் பெயரிட்டார். முன்னது தேநீருக்கு ஒளியையும் சுறுசுறுப்பையும் கொடுப்பது. பின்னது சிவந்த நிறத்தையும் கனத்தையும் கொடுப்பது.

இலையினுள்ளே நொதியம் பெரும்பாலும் பச்சையவுருமணிகளில் அடங்கியிருக்கின்றது. துவர்ப்புப் பொருளோ புன்வெற்றிடம் எனப்படும் சாற்றுப்பையிலே இருக்கின்றது. இயற்கை இரண்டையும் தனித்தனி உறையிலிட்டு வைத்திருக்கின்றது. உருட்டும் இயந்திரம் அவ்வுறைகளை உடைக்கின்றது. வெளிவரும் சாறு மெல்லிய புளிப்புடையது, அதன் பி.எச். பெறுமானம் 5க்கும் 6க்கும் இடையில் இருக்கும். நொதியத்துக்கு மிகவும் உகந்த நிலையும் ஏறக்குறைய அதுவே. அதாவது, இலையின் சொந்தப் புளிப்பே நொதியத்தை முழு வேகத்தில் ஓடச் செய்கின்றது. புளிப்பு இன்னுங் கூடினால் என்ன நேரும் என்பதையும் பிற்கால ஆய்வாளர் பார்த்தனர். பெறுமானத்தை 4½ அளவுக்கு இறக்கினால் தியபிளேவின் கூடுதலாகத் தங்குவதை அவர்கள் கண்டனர். தியபிளேவினை மேலும் சிதைக்கும் பேரொட்சிடேசு என்னும் இன்னொரு நொதியம் அப்புளிப்பிலே மேலும் தளர்வது அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. ஒரே புளிப்பு ஒரு வேலைக்காரனை நிற்க வைத்து மற்றவனை உட்கார வைக்கின்றது.

சப்பிரகமுவத்தின் தாழ்நிலத்திலே வெப்பம் மிகுதி. ஆகையால் நொதியம் விரைந்து ஓடும். இங்கே சிறிது கவனம் பிசகினாலும் தேநீர் மங்கிவிடும். டீமேக்கர் இலையை மூக்கருகே கொண்டு சென்று முகர்ந்து, பச்சை வாசம் நீங்கிப் பழ வாசம் வந்தவுடன் அடுப்புக்கு அனுப்புகின்றார். 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடான காற்று இலையின் ஈரத்தை ஏறக்குறைய நூற்றுக்கு 3 வரை இறக்கிவிடுகின்றது. நொதியம் அங்கே மாண்டுபோகின்றது. நமது கோப்பையிலே எஞ்சுவது அது செய்துவிட்டுப் போன வேலையே.

இதே தோட்டத்தின் மறு சரிவிலே கதை தலைகீழாக நடைபெறுகின்றது. 1876ஆம் ஆண்டிலே ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த நாற்றுகளில் 1,919 நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவிலே நடப்பட்டன. ஆசியத் தோட்ட இறப்பரின் தொட்டில் அதுவே. ஆனால் மரம் வளர்ந்தால் மட்டும் போதுமா? பாலை இறப்பராக்குவது எப்படி என்ற வினா எஞ்சியிருந்தது. அமேசன் காட்டு மக்கள் பனைவகைக் கொட்டைகளை எரித்து, எழும் புகையிலே ஒரு கோலைச் சுற்றிப் பாலைப் படலம் படலமாக உறையச் செய்தார்கள். தோட்டத்திலே நாள்தோறும் குடம் குடமாக வரும் பாலுக்கு அம்முறை பொருந்தாது.

இவ்வினாவுக்கு விடை கண்ட இடம் பேராதனை. 1898, 1899ஆம் ஆண்டுகளிலே அங்குள்ள அரச தாவரவியற் பூங்காவிலே பணியாற்றிய ஜோன் பார்க்கின் என்னும் இளைஞர், இறப்பர்ப் பாலின் இயல்பை முறையாக ஆராய்ந்தார். காடியிலுள்ள அசற்றிக் அமிலத்தை அளவாகச் சேர்த்தால் பால் தூய்மையாக உறையும் என்பதை அவர் காட்டினார். ஒரே பட்டையை மீண்டும் வெட்டும்போது முன்னையிலும் அதிகமாகப் பால் சுரப்பதையும் அவரே எடுத்துரைத்தார். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் காடு வெட்டி இறப்பர் நட்டவர்களின் செல்வத்துக்கு இவ்விரண்டு உண்மைகளும் அடித்தளமாயின. பின்னாளிலே அசற்றிக் அமிலத்தின் இடத்தைப் போமிக்கமிலம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

புளிப்புச் சேர்ந்தால் பால் ஏன் உறைகின்றது? இறப்பர்த் துணிக்கைகளைப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை ஒன்று சூழ்ந்திருக்கின்றது. புதிய பாலின் பெறுமானம் 7க்கு அண்மையில் இருக்கும். அந்நிலையிலே போர்வைகள் அனைத்தும் எதிர்மின்னேற்றம் உடையன; ஆதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பெறுமானம் 5க்கு அண்மையில் இறங்கும்போது அந்த மின்னேற்றம் மறைகின்றது. தள்ளுவாரின்றித் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பசுப்பால் தயிராவதும் இத்தகைய விதியினாலேயே.

ஆனால் இறப்பர்ப் பால் வெறும் துணிக்கைகள் மிதக்கும் நீர் அன்று. 1948ஆம் ஆண்டிலே ஒல்லாந்த ஆய்வாளர் சிலர், அதனுள்ளே நுண்ணிய பைகள் நிறைந்திருப்பதை அறிவித்தார்கள். அவற்றுக்கு லூற்றொயிட்டு என்று பெயரிட்டார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் இரண்டு முதல் ஐந்து கூறு அகலமே உள்ள பைகள் இவை. இவற்றின் உள்ளே புளிப்பு மிகுதி. பெறுமானம் ஏறக்குறைய 5½. வெளியே 7. புளிப்பிலே வேலை செய்யும் நொதியங்கள் பல இப்பைகளுக்குள்ளே அடைபட்டுக் கிடக்கின்றன. வெட்டிய மரத்திலிருந்து பால் வடியும்போது இவற்றிற் சில உடைகின்றன. உள்ளிருந்த அமிலமும் மகனீசிய உப்பும் நேர்மின்னேற்றப் புரதங்களும் வெளிப்பட்டு, வெட்டு வாயிலே பாலை உறையச் செய்து அடைத்துவிடுகின்றன. சில மணி நேரத்திலே மரம் பால் தருவதை நிறுத்துவது இதனாலேதான் என்பதை 1960களிலே மலேசிய இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் விளக்கினர். மனிதன் ஆய்வுகூடத்திலே நுண்ணுறை செய்யக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே மரம் அதனைச் செய்து, தன் புண்ணைக் கட்டப் பயன்படுத்தியிருக்கின்றது.

பாலிலே மற்றொரு வகைப் பையும் உண்டு. மஞ்சள் நிறமான அப்பைக்கு, 1929ஆம் ஆண்டிலே அதனை விவரித்த சுவிற்சலாந்து அறிஞர் பிரை விசிலிங்கின் பெயர் வழங்குகின்றது. தேயிலையிலே நாம் கண்ட அதே பொலிபீனொல் ஒட்சிடேசு இறப்பர்ப் பாலிலே குடியிருக்கும் இடம் இதுவே. இப்பை உடைந்தால் நொதியம் வெளிப்பட்டுப் பாலிலுள்ள பீனொல்களைக் கபில நிறமாக்குகின்றது. இலங்கை உலகச் சந்தையிலே பேர் பெற்றது வெளிறிய கிறேப்பு இறப்பரினால். சப்பாத்தின் அடித்தோலுக்கும் மருத்துவப் பொருள்களுக்கும் அது தூய வெளிர் நிறத்தோடு வேண்டும். சிறிது கறுத்தாலும் தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலை இறங்கும். தேயிலையிலே பொன் தந்த நொதியம் இங்கே பொன்னைப் பறிக்கின்றது.

பாலை உறையச் செய்யும் அளவான புளிப்பு இந்நொதியத்தை முற்றாக அடக்கப் போதாது. புளிப்பை மேலும் கூட்டினாலோ இறப்பரின் தரம் கெடும். ஆகையால் தொழிற்சாலையார் வேறு இரண்டு வழிகளைக் கையாண்டனர். முதல் வழி, சோடியம் பைசல்பைற்று என்னும் கந்தக உப்பைப் பாலிலே கரைத்து நொதியத்தை முடக்குவது. இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. முதலிலே மிகச் சிறிதளவு அமிலம் மட்டும் சேர்ப்பார்கள். மஞ்சட் பொருள்களைத் தாங்கிய ஒரு சிறு பகுதி முன்னதாக உறைந்து திரளும். அதனை நீக்கிவிட்டு, எஞ்சிய வெண்மையான பாலுக்கு மீதி அமிலத்தைச் சேர்ப்பார்கள். பாலின் செறிவை மெற்றோலாக்கினால் அளந்து, நூறு பங்கு நீருக்கு ஒன்றிரண்டு பங்கு என்று அமிலத்தைக் கரைத்து, அளவு தவறாமல் ஊற்றும் தொழிலாளி, கோப்பனேகன் விஞ்ஞானி அளவுகோல் வகுத்த அதே உண்மையைத் தன் அகப்பையினாலே கையாண்டார்.

இங்கே ஓர் அனுபவத்தைக் கூற விரும்புகின்றேன். என் பாடசாலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே நெடுங்காலம் பால் வெட்டிய மூதாட்டி ஒருவர், தம் பேரனைப் பள்ளியிற் சேர்க்க வந்தபோது சற்று நேரம் பேசியிருந்தார். சிரட்டைகளை ஏன் அவ்வளவு கவனமாகத் துடைத்தீர்கள் என்று கேட்டேன். "நேத்துப் பாலு கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்தாலும் இன்னைக்குப் பாலக் கெடுத்துரும் ஐயா. உறை மோரு ஊத்துன மாதிரி. தெரிஞ்சு போனா எடை கொறையும். எடை கொறைஞ்சா அரைப்பேருதான்" என்றார். அரைப்பேர் என்பது அரைநாட் கூலி. பழைய பாலிலே பெருகிய பக்றீரியா அமிலத்தை உண்டாக்குவதும், அவ்வமிலம் புதிய பாலை வாளியிலேயே திரளச் செய்வதும், திரண்ட பால் மட்டமான இறப்பராக ஒதுக்கப்படுவதும் ஆகிய முழு இரசாயனமும் அவர் சொன்ன நான்கு வாக்கியங்களில் அடங்கியிருந்தது. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒரு பாடவேளை எடுத்துக்கொள்ளும் விடயம் அது. வேறுபாடு யாதெனில், மாணவன் தவறினால் புள்ளி குறையும். அந்த அம்மையார் தவறியபோது அடுப்பிலே உலை குறைந்தது.

இத்தகைய கைகளின் பெறுமதியை உலகம் ஒரு காலத்திலே நன்கு உணர்ந்தது. 1942ஆம் ஆண்டிலே மலாயாவும் சாவகமும் யப்பானியர் வசமானபோது, நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மையான இடமாக இலங்கையே எஞ்சியது. மரத்தின் ஆயுளைப் பாராமல் பால் எடுக்கும்படி தோட்டங்கள் பணிக்கப்பட்டன. பத்து ஆண்டுகளின் பின்னர், 1952ஆம் ஆண்டிலே, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது சீனாவோடு அரிசி இறப்பர் உடன்படிக்கை செய்யப்பட்டது. இந்நாட்டு மக்களின் சோற்றுக்கு ஈடாகக் கப்பலேறியது இறப்பரே.

இனி, நுண்ணுறை என்னும் கருத்து பிற்காலத்திலே எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். திரவத்தை நுண்ணிய துளிகளாகச் சூடான காற்றிலே தூவி, கண நேரத்திலே பொடியாக்கும் முறைக்கு சாமுவெல் பேர்சி என்பவர் 1872ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பால்மா பெருமளவில் உற்பத்தியானது இம்முறையினாலேயே. 1920களிலே ஹொப்கின்சன் என்பவரின் முறைப்படி சுமாத்திராவிலே இறப்பர்ப் பாலையும் இவ்வாறு தூவி உலர்த்தினார்கள். பின்னர் நொதியங்களின் முறை வந்தது. நம் முற்றத்திலே நிற்கும் பப்பாசியின் காயைக் கீறினால் வடியும் பாலிலே பப்பெயின் என்னும் நொதியம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அதனை உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடுகளிலே இலங்கை முன்னணியில் நின்றது. இறைச்சியை மென்மையாக்கவும் பியரைத் தெளிவிக்கவும் அது பயன்பட்டது. வெயிலிலே காய வைத்த பப்பெயின் வீரியத்தை இழப்பதையும், தூவி உலர்த்தியது வீரியத்தைக் காப்பதையும் வணிகர் அறிந்தனர்.

வெப்பத்திற்கு அஞ்சும் நொதியம் 150 பாகைக்கு மேற்பட்ட சூடான காற்றிலே எவ்வாறு பிழைக்கின்றது? துளியிலிருந்து நீர் ஆவியாகும்போது துளி குளிர்கின்றது. வியர்வை உலரும்போது நம் உடல் குளிர்வதைப் போல. காற்று எவ்வளவு சூடாயினும், ஈரம் இருக்கும் வரை துளியின் சூடு மிகவும் குறைவே. கருவேல இனப் பிசினையோ மாப்பொருட் சிதைவையோ பாற்புரதத்தையோ நொதியத்தோடு கலந்து தூவினால், அப்பொருள் துளியைச் சூழ்ந்து சுவராக உலர்கின்றது. நொதியம் நுண்ணுறைக்குள் அடங்குகின்றது.

இங்கேயும் புளிப்பே தீர்ப்பாளி. துளி சுருங்கச் சுருங்க உள்ளே கரைந்திருந்த அமிலமும் உப்பும் செறிகின்றன. நொதியத்துக்கு ஒவ்வாத நிலை துளிக்குள்ளேயே உருவாகலாம். ஆகையால் தூவுவதற்கு முன்னரே அந்நொதியம் உறுதியாக நிற்கக்கூடிய பெறுமானத்திலே கரைசலை நிறுத்தி வைக்கின்றார்கள். வாய்வழி உண்ணும் நொதிய மருந்துக்கு இன்னொரு சோதனை உண்டு. இரைப்பையிலே பெறுமானம் 1 முதல் 3 வரை இறங்கும். கணைய நொதியத்திலுள்ள கொழுப்புடைக்கும் பகுதி 4க்குக் கீழே மீளமுடியாதபடி கெட்டுவிடும். ஆகவே புளிப்பிலே கரையாமல், 5½க்கும் 6க்கும் மேற்பட்ட குடலின் நிலையிலே மட்டும் கரையும் சுவரை அமைக்கின்றார்கள். கணையம் செயலிழந்த பிள்ளைகள் உணவைச் செரித்து வளர்வது இவ்வகை உறைகளால் ஆகும். தன் புளிப்பைப் பைக்குள் அடக்கி, வேண்டிய இடத்திலே மட்டும் திறந்துவிடும் இறப்பர் மரத்தின் உத்தியை இது நினைவூட்டவில்லையா?

நேயர்களே, இவ்வரலாற்றிலே சொறன்சன், மான், பார்க்கின், சிறீரங்காச்சார் என்ற பெயர்களைக் கூறினேன். அவர்கள் நூல்களில் நிலைத்துவிட்டார்கள். ஆனால் இலையை முகர்ந்து நேரம் கணித்தவர், அமிலத்தை அளந்து ஊற்றி விரல் வெந்தவர், சிரட்டையைத் துடைத்தவர் ஆகியோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. செக்றோலிலே ஓர் எண்ணாக மட்டும் அவர்கள் எழுதப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர்கள் என எண்ணப்பட்டார்கள். இரத்தினபுரியிலிருந்தும் கேகாலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டினார்கள்.

சென்றவர்கள் எங்கே சென்றார்கள் என்பதைக் கவனியுங்கள். கேரளத்தின் புனலூரிலே, தாயகம் திரும்பியோருக்கென்று 1976ஆம் ஆண்டிலே இறப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. கருநாடகத்தின் சுள்ளியப் பகுதியிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் அரசின் இறப்பர்த் தோட்டங்களிலே அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். நீலகிரியிலே அவர்களுக்காகவே அரசு 1968ஆம் ஆண்டு முதல் தேயிலை நட்டது. பெட்டியிலே பெரும் பொருள் கொண்டு சென்றவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கொண்டு சென்ற கைப்பழக்கத்தின்மேல் ஓர் அரசு புதிய தோட்டங்களை எழுப்பக் கூடியதாக இருந்தது. ஒரு நாடு கணக்கிலே கழித்துவிட்ட அறிவை மற்றொரு நாடு முதலாக வைத்துக்கொண்டது.

எஞ்சியவர்களின் பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பறைகளிலே இருக்கின்றார்கள். நொதியமும் அமிலமும் என்ற பாடம் வரும்போது அது தொலைநாட்டு ஆய்வுகூடத்தின் செய்தி என்று அவர்கள் எண்ணித் தலை குனிகின்றார்கள். அப்பாடத்தின் சோதனைச்சாலை அவர்களுடைய லயத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு சரிவுகளே என்பதை ஆசிரியர்களாகிய நாம் எடுத்துக் காட்ட வேண்டும். அடுத்த முறை அப்பாடத்தை நடத்தும்போது, எங்கள் விஞ்ஞான ஆசிரியரின் பக்கத்திலே ஒரு நாற்காலி போட்டு, அந்த மூதாட்டியை அழைத்து அமர்த்த எண்ணியிருக்கின்றேன். சிரட்டையை எவ்வாறு துடைப்பது என்பதிலிருந்து பாடத்தை அவரே தொடங்கட்டும்.